அண்ணன் தம்பி ஓணான்கள்

ஒரு விஷயத்தைப் பாடமாக நடத்தத் தெரிந்துவிட்டால் அந்த விஷயமே தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிற நோய் ஆசிரியர்களுக்கு உண்டு. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. எம்.எஸ்சி. விலங்கியல், பி.எட்., கல்லூரியில் இரண்டாமிடத்துக்கு ஒரு வெள்ளிப் பதக்கம் (முதலிடம் யார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்). ஊர்வன பற்றிய பாடத்தைப் புத்தகம் திறக்காமல் நாற்பது நிமிஷம் நடத்துவேன். அப்படிப்பட்ட நான், என்னை நம்பி ஒப்படைக்கப்பட்ட இரண்டு ஊர்வனவற்றில் ஒன்றை இன்னொன்றுக்குக் கிட்டத்தட்ட தின்னக் கொடுத்தேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஒற்றைப் படுக்கையறை வீடு. என் வீட்டுக்காரர் சுடலைமுத்து ஒரு கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். நான் அந்த வருஷம்தான் ஓர் இந்தியப் பள்ளியில் பயாலஜி மிஸ்ஸாகச் சேர்ந்திருந்தேன்; அங்கே எல்லாருக்கும் இசக்கி மிஸ். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பிப்ரவரியில் பிரின்சிபால் கையெழுத்துப் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து சாம்பார் வைக்கவேண்டியதுதான்.

டிசம்பர் விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்னால், ஊரைவிட்டுப் போகிற ஒரு குடும்பம் தங்கள் பையன் வளர்த்த இரண்டு தாடி ஓணான் குட்டிகளைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ஆளுக்கு ஒரு சாண் நீளம். மணல் நிறம், கன்னமெல்லாம் முள், தாடையின் கீழே ஒரு தொங்கல் தோல். கோபம் வந்தால் அந்தத் தோல் உப்பிக் கறுத்துத் தாடி மாதிரி ஆகிவிடும் என்பதால் அந்தப் பெயர். பெரியதற்கு டைகர் என்றும் சின்னதற்கு பிஸ்கட் என்றும் அந்தப் பையன் பெயர் வைத்திருந்தான். இரண்டு கண்ணாடித் தொட்டி, இரண்டு சூட்டு விளக்கு, பையனின் அம்மா கையால் எழுதிய ஒரு தாள்.

ஜனவரியில் பள்ளிக்கு ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. பிரின்சிபால் மேடத்துக்கு (திருச்சூர்க்காரர், குரலே உயர்த்தமாட்டார், அதனாலேயே எல்லாருக்கும் பயம்) இந்த ஓணான்களை வாசலில் வைத்து ஒரு 'உயிரினங்கள் மூலை' அமைக்கவேண்டும் என்று ஆசை. விடுமுறை மூன்று வாரம் யார் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வீர்கள் என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் கேட்டார். எல்லா மிஸ்களும் அவசரமாகத் தங்கள் டைரியைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். பிப்ரவரிக் கையெழுத்து அந்த நிமிஷமே என் கண்ணுக்குத் தெரிந்தது.

வீட்டில் சொன்னபோதுதான் ஒரு சின்ன சிக்கல் நினைவுக்கு வந்தது. என் வீட்டுக்காரருக்குப் பல்லி என்றால் ஆகாது. நாற்பது அடி கண்டெய்னர் தலைக்கு மேலே தொங்கினாலும் அசையாத மனிதர், குளியலறைச் சுவரில் ஒரு பல்லி தெரிந்தால் சோப்பு நுரையோடு வெளியே வந்து நிற்பார். தொட்டிகள் வந்த அன்றைக்குச் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டு, அதற்கு மேல் ஹாலுக்குள் வரமாட்டேன் என்றார். டி.வி.யையும் அங்கிருந்தே பார்த்தார்.

முதல் இரண்டு நாள் ஒழுங்காகப் போனது. மூன்றாம் நாள் பிஸ்கட் தொட்டியின் விளக்கு பட்டென்று போய்விட்டது. அந்த மாதிரி விளக்கு சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது. செல்லப்பிராணிக் கடைக்குத்தான் போகவேண்டும். வார விடுமுறையில் வாங்கித் தருகிறேன் என்றார் அவர். எனக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை. குளிர்ரத்தப் பிராணிக்குச் சூடு எவ்வளவு முக்கியம் என்று அவருக்கு ஒரு பாடம் நடத்திவிட்டு, பிஸ்கட்டைத் தூக்கி டைகர் தொட்டியில் விடப்போனேன்.

அவர் வாசலிலிருந்து கேட்டார். "ஏட்டி, அவங்க தனித்தனியா குடுத்திருக்காங்கன்னா ஏதாவது காரணம் இருக்கும்லா? எங்க யார்டுலயும் சில சரக்கப் பக்கத்துல பக்கத்துல வைக்கவே கூடாது."

"இது சரக்கு இல்ல. ரெண்டும் ஒரே ஈத்துல பொரிச்ச குஞ்சு. அண்ணன் தம்பி."

"அண்ணன் தம்பின்னாதான் எனக்கு யோசனையா இருக்கு." (அவருக்குக் கூடப் பிறந்தவர்கள் நாலு பேர்.)

"பயாலஜி நீங்க படிச்சியளா, நான் படிச்சேனா?"

அவர் டி.வி. பக்கம் திரும்பிவிட்டார். பையனின் அம்மா எழுதிய தாள் அப்போது என் கைப்பையில்தான் இருந்தது. அதில் தீனி பற்றிய இரண்டு வரியை மட்டும் படித்திருந்தேன். மற்றதெல்லாம் எனக்குத் தெரியாததா என்ன?

சேர்த்துவிட்ட மறுநாள் காலை நான் பார்த்த காட்சி இப்போதும் கண்ணில் நிற்கிறது. விளக்குக்குக் கீழே உள்ள மரக்கட்டையில் பிஸ்கட் படுத்திருந்தது. அதன் முதுகின் மேல் கையைப் பரப்பிப் போட்டு டைகர் படுத்திருந்தது. இரண்டும் கண்ணை மூடியிருந்தன. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. போட்டோ எடுத்து, 'அண்ணனின் அணைப்பில் தம்பி' என்று எழுதி, ஸ்டாஃப் குரூப்பில் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் இருபது இதயம். பிரின்சிபால் மேடமே பதில் போட்டார்: மிக அழகு, இதைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு வாசலில் மாட்டுவோம், சகிப்புத்தன்மை என்ற தலைப்புக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

அன்றைக்குச் சாயங்காலம் பிஸ்கட் தன் முன்னங்கையை மெதுவாகத் தூக்கி வட்டமாக ஆட்டியது. நானும் கையாட்டினேன். அது மறுபடி ஆட்டியது. சமையலறை வாசலில் நின்ற அவரைக் கூப்பிட்டு, பிஸ்கட் ஹலோ சொல்லுது பாருங்க என்றேன். அவரும் கொஞ்சம் தயங்கி, அங்கிருந்தே கையாட்டினார். அந்த வீடியோவையும் குரூப்பில் போட்டேன்.

உண்மையைச் சொன்னால், எனக்குச் சில அடையாளங்கள் தெரிந்தன. சுவர்க்கோழிப் பூச்சிகளைப் போட்டால் டைகர்தான் ஓடி ஓடித் தின்றது. பிஸ்கட் மூலையில் கல்லுக்குப் பின்னால் நின்றது. அது சுபாவத்திலேயே கூச்சம் என்று முடிவு செய்தேன். விளக்கின் கீழ் ஒருநாள்கூட அது மேலே படுக்கவில்லை. தம்பி பெரியவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறது என்று நினைத்தேன். நாலைந்து நாளில் டைகர் தடித்திருந்தது. பிஸ்கட்டின் இடுப்பெலும்பு தெரிந்தது. அதற்கும் என்னிடம் ஏதோ ஒரு விளக்கம் இருந்தது. இப்போது நினைவில்லை.

சேர்த்துவிட்ட ஐந்தாம் நாள் காலை அவர் டியூட்டிக்குப் போன பிறகு தீனி போட்டேன். உயிருள்ள பூச்சிகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துக் கொடுக்கவேண்டும். எனக்கு அருவருப்பாக இருக்கும். (விலங்கியல் மாணவிக்குப் பூச்சி அருவருப்பு. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.) அதனால் டப்பாவை அப்படியே கவிழ்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். பூச்சிகள் மூலைக்கு ஓடி பிஸ்கட்டின் காலடியில் பதுங்கியிருக்கின்றன. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கண்ணாடியில் ஏதோ அடித்துக்கொள்கிற சத்தம். வந்து பார்த்தேன். டைகரின் தாடி மையில் தோய்த்தது போலக் கறுத்து உப்பியிருந்தது. அதன் வாயில் பிஸ்கட்டின் வால். பிஸ்கட் கண்ணாடியில் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்துகொண்டிருந்தது. அது கை வைத்த இடத்திலெல்லாம் கண்ணாடியில் சிவப்பாக ஒரு சின்னப் புள்ளி.

எனக்குப் படித்ததெல்லாம் மறந்துபோனது. கையை உள்ளே விடத் தைரியமில்லை. போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் சத்தம். நான் சொன்னது முதலில் அவருக்கு விளங்கவே இல்லை. யாருக்கு ரத்தம், உனக்கா என்று இரண்டு தடவை கேட்டார். எனக்கில்லை என்று தெரிந்ததும் அவர் குரல் நிதானமாகிவிட்டது.

"ரெண்டையும் பிரி."

"கைய விட முடியலங்க. கடிச்சிரும்."

"அப்போ நடுவுல எதையாவது எறக்கு. தட்டு, முறம், எதாவது. யோசிக்காத."

முறத்துக்கு எங்கே போவது? கையில் கிடைத்தது சாதம் வடிக்கிற ஓட்டைத் தட்டு. அதைத் தொட்டிக்குள் செங்குத்தாக இறக்கினேன். டைகர் விடவில்லை. தட்டால் அதன் மூக்கை மெல்லத் தள்ளினேன். பூரிக் கரண்டியால் பின்னாலிருந்தும் தள்ளினேன். தட்டு கண்ணாடியில் கடகடவென்று அடித்தது. அந்தச் சத்தத்துக்குப் பயந்தோ என்னவோ டைகர் வாயைத் திறந்தது. பிஸ்கட் கரண்டியிலேயே ஏறி நின்றது. அப்படியே தூக்கி, விளக்கில்லாத அதன் பழைய தொட்டியில் விட்டேன்.

வலது முன்னங்காலில் ஒரு விரலின் நுனி இல்லை. வாலில் கடைசிக் கணு அளவுக்குக் காணோம், இருந்த நுனியும் பிய்ந்து தொங்கியது. டைகர் தொட்டியில் அந்தத் துண்டு எங்கும் இல்லை. அது எங்கே போயிருக்கும் என்று டைகரின் வாயைப் பார்த்ததும் தெரிந்தது.

அடுத்து நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மஞ்சள்தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் காயத்தில் அப்பினேன். அது ஒழுகி உடம்பெல்லாம் ஆகி, பிஸ்கட் முகூர்த்தப் பெண் மாதிரி மஞ்சளாக நின்றது. பிறகு வால் நுனியில் பிளாஸ்திரி சுற்றினேன். அந்தப் பசை செதிலில் ஒட்டிக்கொண்டது. அடியில் மணல் இருந்ததால் அதுவும் எண்ணெயோடு சேர்ந்து காயத்தில் ஏறியது. கடைசியில் போனில் தேடினேன். முதலில் வந்த வரியே, இளம் தாடி ஓணான்களை ஒருபோதும் ஒரே தொட்டியில் வளர்க்காதீர்கள் என்றது. போனை மூடிவிட்டேன். கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். முதல் வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது: எப்போதும் தனித்தனியாக.

அவர் அன்று மதியமே அனுமதி கேட்டு வந்துவிட்டார். வரும்போதே கையில் புது விளக்கு. (கேட்டபோதே வாங்கியிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.) வாசலில் நின்றபடியே போன் கேமராவைப் பெரிதாக்கி பிஸ்கட்டைப் பார்த்தார். டாக்டரிடம் போகலாமா என்றார். வேண்டாம் என்றேன். அதெல்லாம் தானாகச் சரியாகும், பல்லிக்கு வால் அறுந்தால் முளைக்காதா, இதுவும் அதே இனம், இழப்பு மீட்டல் என்றே பாடத்தில் ஒரு தலைப்பு இருக்கிறது என்றேன்.

டாக்டரிடம் போனால் பள்ளிக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் உள்ளே இருந்த பயம். டாக்டருக்கும் பள்ளிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் பயந்தேன். முளைப்பதற்கு எத்தனை நாளாகும் என்று கணக்குப் போட்டேன். தினமும் காலையில் ஸ்கேலை எடுத்துக் கண்ணாடிக்கு வெளியே வைத்து அளந்தேன். பள்ளி குரூப்பில் இரண்டும் நலமா என்று கேட்டபோது, பிஸ்கட்டின் தலை மட்டும் தெரிகிற போட்டோ அனுப்பினேன். பழைய போட்டோவுக்கும் ஒரு தடவை வேறு வெளிச்சம் கொடுத்து அனுப்பினேன். மேடம் பதிலுக்கு ஒரு படம் போட்டார். பிரின்ட் போட்டாகிவிட்டது. ஆளுயரம். வாசல் சுவரில் மாட்டும்போது எடுத்தது. கீழே ஆங்கிலத்தில், சேர்ந்து வாழ்வதே அழகு.

கடிபட்ட நாலாம் நாள் சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த அவர், வழக்கம்போலச் சமையலறை வாசலுக்குப் போகவில்லை. நேராகத் தொட்டி முன்னால் வந்து குனிந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்குக்கும் கண்ணாடிக்கும் நாலு விரல்கடைதான் இருந்தது.

"இது முளைக்கலட்டி," என்றார். "இது அழுகுது."

வாலின் நுனி கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு நேற்றைக்கு எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும். நான்தான் அளந்திருந்தேனே. நேற்றைவிட மேலே ஏறியிருந்தது. யார்டில் ஒரு பையனின் விரல் கண்டெய்னர் கதவில் மாட்டி இப்படித்தான் கறுத்தது, அவன் ஒரு வாரம் மறைத்து வைத்திருந்தான், கடைசியில் முழங்கை வரை எடுக்கவேண்டியிருக்குமோ என்று பயந்துபோனார்கள் என்றார் அவர். பிஸ்கட் இரண்டு நாளாக எதுவும் தின்னவில்லை. கண்ணைத் திறக்கவில்லை.

அவர் தன் ஷூப் பெட்டியைக் காலி செய்து, துண்டை விரித்து, எடுத்து இதில வை என்றார். துபாயில் அல் குசைஸ் பக்கம் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருப்பதாக அவர் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். க்ளினிக் ஏழு மணிக்கு மூடிவிடும். அப்போது ஐந்தே முக்கால்.

ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குள் சாயங்காலம் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த ஒன்றேகால் மணி நேரத்தின் அர்த்தம் தெரியும். ரோலாவை விட்டு வெளியே வரவே இருபது நிமிஷம். பிறகு ரோடு முழுக்கச் சிவப்பு விளக்கு. எனக்கு லைசன்ஸ் இல்லை. அவர்தான் ஓட்டவேண்டும். பெட்டி என் மடியில். குளிர் படக்கூடாது என்று ஏசியை அணைத்து, ஜன்னலையும் மூடியிருந்தோம். வேர்வையில் இரண்டு பேருக்கும் சட்டை ஒட்டியது. ஒவ்வொரு தடவை வண்டி நிற்கும்போதும் அவர், மூச்சு விடுதா பாரு என்றார். நான் மூடியைத் தூக்கி விலாவைப் பார்ப்பேன். ஒரு தடவை அது அசையவே இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அசையவில்லை. பெட்டியை அவர் பக்கம் நீட்டினேன். அவர் ஒரு கையை ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு இன்னொரு கையைப் பெட்டிக்குள் விட்டார். பல்லியைக் கண்டால் நுரையோடு ஓடுகிற மனிதர். உள்ளங்கையை அதன் முதுகில் வைத்து அப்படியே இருந்தார்.

"இருக்கு," என்றார். "துடிக்குது."

சிக்னலில் கியர் மாற்ற வேண்டாத வண்டி என்பதால் அல் குசைஸ் வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

ஏழுக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது க்ளினிக் வாசலில் நின்றோம். டாக்டரம்மா சிரியாக்காரர். பூட்டுவதற்குச் சாவியை எடுத்திருந்தார். பெட்டியைப் பார்த்ததும் சாவியை மேஜையில் வைத்துவிட்டார். விளக்கடியில் பிஸ்கட்டைப் படுக்க வைத்து, ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். பிளாஸ்திரியைக் கழற்ற அவருக்குப் பத்து நிமிஷம் ஆனது. பிறகு யார் இவற்றை ஒன்றாக விட்டது என்று கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். தெரியாமல் நடந்துவிட்டது, நாங்கள் புதிது என்று இழுத்தேன். அத்தோடு தப்பித்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் தன் ஆங்கிலத்தில், முழுப் பெருமையோடு சொன்னார். "டாக்டர், மை வைஃப் இஸ் பயாலஜி டீச்சர்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு பிஸ்கட்டைப் பார்த்தார். பிறகு, மாணவிக்குச் சொல்வது போலப் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். இவை கூட்டமாக வாழ்கிற பிராணி இல்லை. அதுவும் குட்டிகள், அசைகிற எதையும் தீனி என்று கடிக்கும். ஒன்றின் மேல் ஒன்று படுப்பது அணைப்பு இல்லை. மேலே இருப்பது கீழே இருப்பதன் சூட்டையும் வெளிச்சத்தையும் பிடுங்கிக்கொள்கிறது. நான் போட்டோவைக் காட்டவே இல்லை, அவராகவே சொன்னார். கையாட்டுமே, அது எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் உனக்கு அடங்கிவிட்டேன், என்னை ஒன்றும் செய்யாதே என்று அர்த்தம் என்றார் டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் அதைத் தமிழில் என்னிடம் திருப்பிச் சொல்லவில்லை. எனக்கு ஆங்கிலம் புரியும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் திரும்பி என்னைப் பார்த்தார்.

வால் எப்போது முளைக்கும் என்று கேட்டது நான்தான். கேட்காமல் இருந்திருக்கலாம். வீட்டுப் பல்லிக்கு முளைக்கும், இந்த இனத்துக்கு முளைக்காது, போனது போனதுதான் என்றார். எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்றும் கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

மரத்துப்போக ஊசி போட்டுக் கறுத்த பகுதியை வெட்டி எடுத்தார். ஒருநாள் தாமதித்திருந்தால் இடுப்பு வரை ஏறியிருக்கலாம் என்றார். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நாலு வார்த்தை திட்டிடுங்க என்றேன். நீ படிச்சவ, நாளைக்கு இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்ப என்றார். அதற்குத்தான் அழுதேன்.

பிறகு மூன்று வாரம் எங்கள் வீடு ஆஸ்பத்திரி. மணலுக்குப் பதில் சமையலறைப் பேப்பர், தினமும் மாற்றவேண்டும். காயம் கழுவுகிற பழுப்பு மருந்தை வெந்நீரில் கலக்கி, சுலைமானி என்கிற பாலில்லாத டீயின் நிறம் வந்ததும் அதில் வாலையும் காலையும் பத்து நிமிஷம் நனைக்கவேண்டும். வாயில் சொட்டு மருந்து. இரண்டு தொட்டிக்கும் நடுவில் அட்டை வைத்து மறைத்தோம், ஒன்றை ஒன்று பார்த்தாலே பிஸ்கட் நடுங்கியது. நான் மருந்து கொடுக்க, அவர் பிடித்துக்கொள்வார். வயிற்றுக்குக் கீழே கை கொடுத்து, நாலு காலும் தொங்காமல் பிடிக்க அவருக்கு இரண்டாம் நாளே வந்துவிட்டது. எனக்கு ஒரு வாரமானது. முதல் பூச்சியை பிஸ்கட் தின்றது அவர் இடுக்கியிலிருந்துதான். அவர் அன்றைக்கு யார்டில் எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாராம். எதற்கு என்று கேட்டவர்களுக்கு என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை.

அதற்கு நடுவிலேயே பள்ளி திறந்தது. வாசலில் நுழைந்ததும் அந்தப் படம். ஆளுயர டைகர், அதன் கீழே ஆளுயர பிஸ்கட். அதைப் பார்த்துவிட்டு மேடம் அறைக்குப் போனேன். டைகர் தொட்டியை மட்டும் கொண்டு வந்திருப்பதாகவும் ஏன் என்பதையும் சொன்னேன். தலையை மட்டும் எடுத்த போட்டோக்களைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் வாயைத் திறந்த பிறகு நிறுத்த முடியவில்லை. மேடம் எழுந்து வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ மேல உள்ளது?" என்று தன் மலையாளத் தமிழில் கேட்டார்.

"சூட்டப் பிடுங்குது மேடம்."

"கீழ உள்ளது?"

ஆய்வுக் குழு மறுநாள் காலை வருகிறது. அந்த நேரத்துக்குள் வேறு படம் பிரின்ட் போட முடியாது. மேடம் ஆள் வைத்து அதைக் கழற்றினார். சுவரில் நாலு ஆணியும் வெளிறிய ஒரு கட்டமும் மிஞ்சின. அந்தக் கட்டத்தைக் காட்டி, நாளைக்கு இசக்கி மிஸ் இங்கே நிற்கணும், வருகிறவர்களிடம் என்ன நடந்தது என்று நீங்களே சொல்லணும், ஒன்றும் விடாமல் என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

நின்றேன். கோட் போட்ட நாலு பேர், பிறகு பெற்றோர்கள், பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொரு வகுப்பாக வரிசையில். மஞ்சள்தூளைக்கூட விடாமல் சொன்னேன். ஆய்வுக் குழுவில் இருந்த ஒரு அம்மாள் குறிப்பு எழுதிக்கொண்டே வந்தவர், ஸ்கேல் வைத்து அளந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்கக்கூடாது என்று அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. பிப்ரவரியில் மேடம் கையெழுத்துப் போடவில்லை. இன்னும் ஆறு மாசம் பார்க்கலாம் என்றார். ஆறு மாசம் கழித்துப் போட்டார்.

பிஸ்கட் திரும்பப் பள்ளிக்குப் போகவில்லை. டைகர் இருக்கிற அறைக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மேடமும் சொல்லிவிட்டார். இது நடந்து ஆறு வருஷமாகிறது. மொட்டை வாலோடு, ஒரு விரல் குறைவாக, ஒன்றரை அடி வளர்ந்து ஹாலில் இருக்கிறது. அவர் டி.வி. பார்க்கும்போது தோளில் உட்காரும். நான் கூப்பிட்டால் வராது.

அதனால் ஒரே ஒரு சிரமம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது அதை யாரிடமும் விட்டுப்போக அவருக்கு மனசு வரவில்லை. வேறு யாராவது எதோடாவது சேர்த்துவிட்டால் என்ன செய்வது என்கிறார். (அப்படிச் சொல்லும்போது என் பக்கம் பார்ப்பதில்லை, அந்த அளவுக்கு நல்ல மனிதர்.) ஆகவே ஆறு வருஷமாக நாங்கள் ஒன்றாக ஊருக்குப் போனதில்லை. ஜூலையில் நான், ஆகஸ்டில் அவர். திருநெல்வேலியில் இதைப் பற்றிப் பேசாத வீடு எங்கள் சொந்தத்தில் இல்லை. போன வருஷம் என் பெரிய மாமா பாளையங்கோட்டைக்கு எங்கள் வீடு தேடி வந்தார். அம்மாவைக் காப்பி போட உள்ளே அனுப்பிவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளைக்கும் உனக்கும் ஏதும் சரியில்லையா என்று மெதுவாகக் கேட்டார். அப்படியெல்லாம் இல்லை மாமா, வீட்டில் ஒரு ஓணான் இருக்கிறது, அதைத் தனியாக விட்டுவிட்டு இரண்டு பேரும் வரமுடியாது என்றேன். மாமா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். சொல்ல இஷ்டமில்லைன்னா விடும்மா என்றார்.

அடுத்த மாசம் என் வீட்டுக்காரர் ஊருக்குப் போனபோது மாமா அவரிடமும் தனியாகக் கேட்டிருக்கிறார். அவரும் ஓணான் என்றே சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ராத்திரியே மாமா அம்மாவுக்குப் போன் போட்டுச் சமாதானம் சொன்னாராம்.

"ஒண்ணும் பயப்படாத. ரெண்டும் ஒரே பொய்யப் பேசி வச்சுச் சொல்லுதுங்க. ஒத்துமையாத்தான் இருக்குதுங்க."